பெஸேதர்: ஒரு சிறு சொல்லும் அது வழங்கும் நாடும்

அயல்நாடு செல்வோர் அந்நாட்டு நாணயத்தை முன்னரே மாற்றிக்கொள்வர். தட்பவெப்பத்திற்கேற்ற உடைகளை எடுத்து வைப்பர். ஊறுகாயும் பருப்புப்பொடியும் மறவாது கட்டிக்கொள்வர். ஆனால் அந்நாட்டு மக்கள் நாள்தோறும் நூறு முறை சொல்லும் ஒரு சொல்லையேனும் கற்றுக்கொண்டு செல்பவர் மிகச் சிலரே. நாணயம் செலவழிந்துவிடும், ஊறுகாய் தீர்ந்துவிடும், சொல்லோ வழங்க வழங்கப் பெருகுவது. இஸ்ரேல் நாட்டில் அவ்வாறு பெருகி வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுடன் சில பேச விரும்புகிறேன்.

எபிரேய மொழி என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது ‘ஷாலோம்’ என்பதாகும். அமைதி, முழுமை, நலம் ஆகிய மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கும் அழகிய சொல் அது. வருவோரை வரவேற்கவும் செல்வோரை வழியனுப்பவும் அதுவே பயன்படும். ஆயினும் அது வாயிற்படியில் நிற்கும் சொல். வீட்டிற்குள்ளும் கடையிலும் பேருந்திலும் தொலைபேசியிலும் இடைவிடாது ஒலிப்பது வேறொரு சொல். அதுதான் ‘பெஸேதர்’. நடுவிலுள்ள ‘ஸே’ என்னும் அசையை அழுத்தியும் ஈற்றைத் தளர்த்தியும் சொல்லுதல் வேண்டும்.

நாட்டின் விமான நிலையத்திலிருந்து ஜெருசலேம் நகருக்கு, 2018-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மின்சார ரயில் செல்கிறது. அது சென்று நிற்கும் நிலையம் தரைக்கு அடியில் ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்தில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல நகரும் படிகளில் ஏறி வெளியே வந்தால், பழைய யாப்பா சாலை கண்ணெதிரே நிற்கும். அச்சாலை வழியே சிறிது தொலைவு நடந்தால் ‘மஹனே யெஹூதா’ என்னும் பெருஞ்சந்தையை அடையலாம். மாதுளையும் ஒலிவக் காயும் பேரீச்சையும் குவிந்து கிடக்க, வணிகர் கூவி விற்கும் காட்சி நம் நாட்டுச் சந்தைகளை நினைவூட்டும். அங்கே அரை நாழிகை நின்று செவிசாய்த்தால் போதும். நமது சொல் பத்துப் பதினைந்து முறை காதில் விழும்.

“ஒரு கிலோ தக்காளி போடுங்கள்” என்கிறார் வாங்குபவர். “பெஸேதர்” என்கிறார் கடைக்காரர். அங்கே அதன் பொருள் ‘ஆகட்டும்’. நிறையில் சிறிது கூடிவிட்டது, இருக்கட்டுமா என்று கேட்கிறார் கடைக்காரர். “பெஸேதர்” என்கிறார் வாங்குபவர். இப்பொழுது அதன் பொருள் ‘பரவாயில்லை’. வழியில் இருவர் சந்திக்கின்றனர். “மா ஷ்லோம்கா?” என்று ஒருவர் நலம் உசாவ, மற்றவர் “பெஸேதர்” என்று விடை கூறுகிறார். இங்கே ‘நலமே’ என்பது பொருள். இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரிடம் சொன்னால் ‘பொறுத்தேன்’ என்று பொருள். ஒரே சொல் நான்கு இடங்களில் நான்கு வேலை செய்கிறது. நம் மொழியில் ‘சரி’ என்னும் சொல் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

சொல்லின் உடலைப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஸ், த், ர் என்னும் மூன்றும் சேர்ந்த வேருக்கு ‘வரிசைப்படுத்துதல்’ என்பது பொருள். அதிலிருந்து ‘ஸேதர்’, அதாவது ஒழுங்கு என்னும் பெயர் பிறந்தது. நாம் சொல்லுக்குப் பின்னே சேர்க்கும் ‘இல்’ உருபினை அவர்கள் ‘பெ’ என்று சொல்லுக்கு முன்னே ஒட்டுவர். ஆகவே பெஸேதர் என்பது ‘ஒழுங்கில்’ என்றாகிறது. எல்லாம் தத்தம் இடத்தில் உள்ளன என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

இவ்வேரின் சுற்றத்தார் பலர். பிரார்த்தனைகளை முறைப்படி தொகுத்த நூலுக்கு ‘ஸித்தூர்’ என்று பெயர். அறைகளை வரிசையாக இணைக்கும் நடைவழி ‘மிஸ்தெரோன்’. படைவீரர் அணிவகுத்து நிற்பது ‘மிஸ்தார்’. அரங்கில் வந்தவர்க்கு இருக்கை காட்டுபவர் ‘ஸத்ரான்’. இரு சாராரிடையே செய்துகொள்ளும் ஏற்பாடு ‘ஹெஸ்தேர்’. அஞ்சலகம், வங்கி, மளிகைக்கடை என்று வெள்ளிக்கிழமை காலையில் அலைந்து முடிக்கவேண்டிய சில்லறை வேலைகளுக்கு ‘ஸித்தூரிம்’ என்பர். கோயிலும் படையும் வங்கியும் ஒரே வேரில் வந்து கூடுவதைக் காணுந்தோறும் மகிழ்ச்சி உண்டாகிறது.

இச்சுற்றத்தில் மிகவும் மதிப்புடையது பஸ்கா விழாவின் முதல் இரவு விருந்தாகும். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்றதை நினைந்து இளவேனிற்காலத்தில் கொண்டாடப்படும் விழா அது. அவ்விருந்துக்குப் பெயரே ‘ஸேதர்’. பதினைந்து படிகள் வரிசை பிறழாது நடைபெறுவதால் அப்பெயர் வந்தது. புளியாத அப்பமும் கசப்புக் கீரையும் மேசையில் இடம்பெறும். வீட்டிலுள்ள மிக இளைய குழந்தை, “இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது?” என்னும் கருத்துடைய வினாக்களை எழுப்பும், பெரியோர் விடை கூறுவர். அந்த விருந்தின் பெயரும், பேருந்து ஓட்டுநர் பயணச்சீட்டைப் பார்த்துவிட்டு முணுமுணுக்கும் சொல்லும் உடன்பிறந்தவை என்பதை அந்நாட்டார் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பழகிய சொல்லின் பழமையை அயலாரே முதலில் காண்பர் போலும்.

புதிதாகக் கற்போர்க்கு இச்சொல் செய்யும் உதவி பெரிது. எபிரேய மொழியில் ஆணிடம் பேசும்போது ஒரு வடிவமும் பெண்ணிடம் பேசும்போது வேறொரு வடிவமும் வரும். ஆணிடம் “மா ஷ்லோம்கா?” என்றும் பெண்ணிடம் “மா ஷ்லோமேக்?” என்றும் கேட்டல் வேண்டும். ‘களைத்திருக்கிறேன்’ என்பதை ஆண் ஒருவகையாகவும் பெண் ஒருவகையாகவும் சொல்வர். பெஸேதருக்கு இந்த வேறுபாடு இல்லை. ஆண், பெண், ஒருவர், பலர் எல்லார்க்கும் அது மாறாது நிற்கும். முன்னே ‘ஹகோல்’ என்று சேர்த்தால் ‘எல்லாம் நலமே’ என்றாகும். பின்னே ‘கமூர்’ சேர்த்தால் ‘முழுதும் சரி’ என்றாகும். ‘லோ’ என்னும் எதிர்மறையை முன்னே வைத்தாலோ சொல் கண்டிப்பாக மாறிவிடும். வரிசையைக் குலைத்து முன்னே நுழையும் இளைஞனை நோக்கி ஒரு மூதாட்டி “ஸெ லோ பெஸேதர்” என்று சொன்னால், ‘இது முறையன்று, தம்பி’ என்னும் அறவுரை அதில் அடங்கியிருக்கும். ஒழுங்கு என்பது பொருள்களின் அடுக்கு மட்டுமன்று, நடத்தையின் நேர்மையும் ஆகும் என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

சொல்லுவதற்கு எளிதான இச்சொல் இன்றைய பொருளில் தொன்றுதொட்டு வழங்கியதன்று. சந்தையிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் எத்தியோப்பியத் தெரு என்னும் அமைதியான தெரு வரும். உயர்ந்த கல்மதில்களுக்கு நடுவே செல்லும் அத்தெருவில்தான் எலியேசர் பென் யெஹூதா வாழ்ந்தார். 1858-ஆம் ஆண்டில் அன்றைய ருஷ்யப் பேரரசில் பிறந்த அவர் 1881-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது எபிரேயம் எந்த வீட்டிலும் தாய்மொழியாக இல்லை. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக அது வழிபாட்டிலும் நூல்களிலும் கடிதங்களிலுமே வாழ்ந்துவந்தது. கடவுளிடம் பேசுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. குழந்தைக்குப் பொம்மை கொடுத்துப் பேசுவதற்குச் சொல் இல்லை. 1882-ஆம் ஆண்டில் பிறந்த தம் மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். அகராதிக்கு ‘மில்லோன்’ என்றும், பொம்மைக்கு ‘பூபா’ என்றும், பனிக்கூழுக்கு ‘க்லிதா’ என்றும் சொற்களை ஆக்கினார். அவர் தொடங்கிய பேரகராதி, 1922-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் பிறரால் தொடரப்பட்டு 1959-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது.

ஆயினும் ஒருவர் ஆக்கும் சொற்களை எல்லாம் ஊர் ஏற்றுக்கொள்வதில்லை. தக்காளிக்கு அவர் அரபு மொழியைத் தழுவி ‘பதூரா’ என்னும் சொல்லை முன்வைத்தார். மக்களோ அவர் விரும்பாத ‘அக்வானியா’ என்பதையே கைக்கொண்டனர். இன்றும் சந்தையில் அக்வானியாவே விலைபோகிறது. புலவன் படைப்பான், கடைத்தெரு தேர்ந்தெடுக்கும்.

பெஸேதரைப் பழகுசொல்லாக்கிய பெருமை எந்தப் புலவரையும் சாராது. ‘ஒழுங்கு’ என்னும் பெயர் எபிரேயத்தில் இருந்ததே. அதனைச் ‘சரி’ என்னும் பொருளில் வழங்கும் முறை, ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய மொழிகளிலிருந்து வந்தது என்பர் அறிஞர். ஜெர்மானியர் ‘இன் ஓர்ட்னுங்’ என்பர். ருஷ்யர் ‘வ் பர்யாத்கே’ என்பர். இரண்டிற்கும் நேர்பொருள் ‘ஒழுங்கில்’ என்பதே. குடியேறியவர்கள் விட்டுவந்த ஊரின் பேச்சுவழக்கைப் புதிய மொழியின் உடை உடுத்திப் பேசினர். நாம் ‘பரவாயில்லை’ என்கிறோமே, அதன் முற்பகுதி உருது வழியாக வந்த பாரசீகச் சொல். பிற்பகுதி தூய தமிழ். சொற்களும் குடிபெயர்கின்றன, குடிபெயர்ந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்கின்றன. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்தனவாக எபிரேய மறைநூல் கூறும் ‘துக்கி’ என்னும் மயில் நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலியோர் கருதினர். அதே துக்கி இன்றைய எபிரேயத்தில் கிளியாகிவிட்டது! ஊர் மாறினால் பறவையும் மாறுகிறது.

எபிரேயம் நாட்டுமொழியாக நிலைபெற்றது போராட்டமின்றி அன்று. ஹைஃபா நகரில் நிறுவப்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழியில் பாடம் நடத்துவது என்னும் முடிவை எதிர்த்து 1913-ஆம் ஆண்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் கிளர்ந்தெழுந்தனர். இறுதியில் எபிரேயமே வென்றது. 1948-ஆம் ஆண்டில் நாடு அமைந்தபின் மூன்றரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வந்து குவிந்தனர். ஈராக்கிலிருந்து வந்தவர் அரபு பேசினர். ருமேனியாவிலிருந்து வந்தவர் வேறு மொழி பேசினர். மராத்தி பேசிய பம்பாய் யூதரும் வந்தனர். இவர்களுக்கு மொழி கற்பிப்பதற்கென்று ‘உல்பான்’ எனும் பள்ளிகள் 1949-ஆம் ஆண்டுமுதல் நடைபெற்று வருகின்றன. மருத்துவரும் தையற்காரரும் ஒரே பலகையில் அமர்ந்து அரிச்சுவடி கற்கும் இடங்கள் அவை. பாட்டன் பேரனிடம் எழுத்துக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் பல. அத்தகைய பாட்டனுக்கு முதலில் வாய்வந்த சொற்களுள் பெஸேதரும் ஒன்றாய் இருந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. மற்றவர் பேசுவது முழுதும் விளங்காதபோதும் தலையசைத்துச் சொல்லத்தக்க சொல் அதுவன்றோ!

அந்த வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. புதிய மொழிக்கு இடம் கொடுப்பதற்காகப் பழைய மொழிகள் பல வாயடைக்கப்பட்டன. இத்திஷ் பேசியவரைத் தெருவில் கடிந்துகொண்ட காலம் ஒன்றிருந்தது. தாய் பாடிய தாலாட்டு மகளுக்கு விளங்காமற்போன வீடுகள் எத்தனையோ! ஒரு மொழி உயிர்பெற்ற வரலாற்றைப் போற்றும்போது இதனையும் சேர்த்தே நினைத்தல் நேர்மையாகும்.

வடக்கே ஹைஃபாவிற்குச் சென்றால் சொல்லின் மற்றொரு பயணத்தைக் காணலாம். கார்மேல் மலைச்சரிவில் படிக்கட்டுகளாய் இறங்கும் அந்நகரில் யூதரும் அரபியரும் வாழ்கின்றனர். ‘வாதி நிஸ்னாஸ்’ என்னும் பகுதியில் அரபியர் தம்முள் அரபு மொழியில் பேசிக்கொள்ளும்போதும் இடையிடையே பெஸேதர் என்று சொல்வதுண்டு. அவ்வாறே எபிரேயம் பேசுவோர் அரபு மொழியின் ‘யல்லா’, ‘ஸபாபா’, ‘அஹ்லன்’ ஆகியவற்றைத் தம்முடையனவாகவே வழங்குகின்றனர். மக்கள் உடன்படாத இடத்திலும் சொற்கள் உடன்பட்டுவிடுகின்றன. ஆனால் யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையில் வாழும் பாலஸ்தீனர் நாவில் ஏறிய மற்றொரு எபிரேயச் சொல் ‘மஹ்ஸோம்’. சோதனைச் சாவடி என்பது அதன் பொருள். அண்டைவீட்டார்க்கு ஒரு மொழி தரும் சொற்களைப் பார்த்தால், அவர்களிடையே உள்ள உறவு எத்தகையது என்பது தெரிந்துவிடும். ‘எல்லாம் ஒழுங்கில்’ என்னும் சொல்லும் ‘நில், சோதிக்கவேண்டும்’ என்னும் இடத்தின் பெயரும் ஒரே வாயிலிருந்து ஒரே காதுக்குச் சென்றிருக்கின்றன.

இனி இச்சொல்லின் எதிர்கால வடிவத்தைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ‘யிஹ்யே பெஸேதர்’ என்றால் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று பொருள். மருத்துவமனை வாயிலில் ஒரு தாயின் தோளில் கைவைத்து இதனைச் சொல்வர். படைக்குச் செல்லும் மகன் வீட்டாரிடம் இதனைச் சொல்லிவிட்டுப் புறப்படுவான். அவ்விடங்களில் அது மருந்து. கட்டடத்தின் கம்பி மெலிந்திருப்பதைச் சுட்டிக்காட்டும்போது மேற்பார்வையாளர் இதனையே சொன்னாலோ அது நோய். பிரதமராயிருந்த இட்ஸாக் ராபின் 1992-ஆம் ஆண்டில் படைத்துறைக் கல்லூரி ஒன்றில் உரையாற்றியபோது, இவ்விரு சொற்களும் சேர்ந்த மனப்பான்மையே நாட்டைப் பீடித்த நோய்களுள் ஒன்று என்று கடுமையாகச் சாடினார். கவனக்குறைவும் செருக்கும் இச்சொற்களின் பின்னே ஒளிந்துகொள்கின்றன என்பது அவர் கருத்து. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் போர் எதிர்பாராது மூண்டபோதும், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் எல்லைப்புற ஊர்கள் தாக்கப்பட்டபோதும், எல்லாம் ஒழுங்கில் உள்ளது என்னும் எண்ணம் ஒரே நாளில் பொய்த்தது. பின்னதில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து காஸாவில் நடந்த போரில் பல்லாயிரவர் மாண்டனர். அபாயச் சங்கு ஒலித்து ஓய்ந்ததும் அந்நாட்டார் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து முதலிற்கேட்பது “ஹகோல் பெஸேதர்?” என்பதே. அப்பொழுது அந்தக் கேள்வி வெறும் நாகரிகப் பேச்சன்று, ‘உயிரோடு இருக்கிறாயா?’ என்பதே அதன் உட்பொருள்.

ஆதலால் இச்சொல்லைக் கற்பவர் பொருளோடு ஓசையையும் கற்றல் வேண்டும். விரைந்து ஒருமுறை சொன்னால் இசைவு. இழுத்துச் சொன்னால் அரைமனது. “பெஸேதர், பெஸேதர்” என்று இருமுறை கடுகடுத்தால், ‘போதும், விட்டுவிடு’ என்று பொருள். நலம் உசாவும்போது மெல்லச் சொல்லி நிறுத்தினால், சொல்லாத துயரம் ஏதோ இருக்கிறது. அருகில் அமர்ந்து மேலும் கேட்கவேண்டும். அகராதி முதற்படியைக் காட்டும். மற்றப் படிகளை மனிதரே காட்டவேண்டும்.

தெற்கே நெகேவ் பாலைநிலத்தில், பேர்ஷேபா நகருக்கு அண்மையில் ‘நெவாதிம்’ என்னும் சிற்றூர் உள்ளது. 1954-ஆம் ஆண்டுமுதல் கொச்சி யூதர்கள் குடியேறிய ஊர் அது. கேரளப் பாணியில் அமைந்த தொழுகைக்கூடமும் அவர்தம் பழம்பொருள்களைக் காக்கும் காட்சிச்சாலையும் அங்கு உள்ளன. மழையும் தென்னையும் சூழ வாழ்ந்தவர்கள் மழையறியா மண்ணில் பயிர்செய்து வாழக் கற்றனர். அவர்களுள் முதியோர் மலையாளத்தில் ‘சரி’ என்று சொன்னவர்கள்; பேரப்பிள்ளைகள் பெஸேதர் என்கின்றனர். நமக்கும் மலையாளிகட்கும் பொதுவான அச்சொல், அவ்வூரில் இரண்டு தலைமுறைக்குள் வேறொரு சொல்லுக்கு இடம்விட்டு ஒதுங்கியது.

நெவாதிம் ஊரின் கதை நமக்கு அயற்கதை அன்று. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். குறளை மனப்பாடம் செய்வித்துப் பொங்கல் விழா மேடையில் ஒப்புவிக்கச் செய்கிறோம், அது நன்றே. ஆனால் மொழி மேடையில் மட்டும் இருந்தால், வழிபாட்டில் மட்டும் இருந்த எபிரேயத்தின் நிலையே அதற்கும் நேரும். பென் யெஹூதாவின் வீட்டில் உயிர்பெற்றது காவியம் அன்று; ‘பொம்மை எங்கே?’ என்னும் கேள்வியே. நம் வீட்டிலும் சோறு போடும்போதும், கதவைச் சாத்தச் சொல்லும்போதும், கடைக்கு அனுப்பும்போதும் தமிழ் பேசப்பட வேண்டும். அண்டைவீட்டார் மொழியைத் தள்ளவேண்டுவதில்லை. அதனையும் நன்றாகக் கற்கட்டும். அழைத்த குரலுக்குக் குழந்தை உள்ளறையிலிருந்து எண்ணாமல், தடுமாறாமல், “சரி அம்மா” என்று விடை சொல்லுமானால், அந்த வீட்டில் தமிழ் ஒழுங்கில் உள்ளது என்று கொள்ளலாம்.